பிள்ளைக்கு ஒரு மிக் வெல்டர்

2007ஆம் ஆண்டு. பிரதீபனின் கூட்டாளியை யாரோ வெள்ளை வேனில் கடத்திக்கொண்டு போன நாளிலிருந்து, இராசமலர் தன் ஒரே மகனான அவனை உப்புவெளி வீட்டை விட்டு வெளியே விடவில்லை. அவன் மெல்ல மெல்லச் சாப்பாட்டைக் குறைத்தான், பிறகு பேச்சை நிறுத்தினான். கடைசியாக வாய் திறந்து கேட்டது ஒரு வெல்டிங் மெஷினைத்தான். இரும்போடு மினக்கெட்டால் தனக்கு விசர் பிடிக்காது என்றான்.

டவுனில் முத்துலிங்கத்தின் கடையில் மெஷின்களைப் பார்த்து அவள் விழித்தாள்.

“ஆருக்கு, தங்கச்சி?” என்று கேட்டார் அவர்.

“எனக்குத்தான். சும்மா பொழுதுபோக்குக்கு.”

அவர் அவளுடைய சின்னக் கைகளைப் பார்த்தார்.

“அப்ப பெரிசு வேண்டாம். அதுக்கு காஸ் சிலிண்டர் வேணும், ஆமிச் செக்பொயின்ற் தாண்டிக் கொண்டுபோக ஏலாது. இந்தச் சின்ன மிக் மெஷினே காணும். கம்பிக்குள்ளை பொடி இருக்கு, காஸ் இல்லாமல் ஒட்டும். வீட்டுக் கரண்டும் தாங்கும்.”

“வெளிச்சம் றோட்டுக்குத் தெரியுமோ, அண்ணை?”

“ஓம். பகலிலை மட்டும் ஒட்டச் சொல்லுங்கோ. யன்னலுக்குத் தகரம் அடியுங்கோ. புகை போக மேலை இடம் விடுங்கோ.”

பெட்டியின் மேல் ஆண்களுக்கான பெரிய கையுறைகளை வைத்தார்.

இராசமலர் அவற்றைத் திருப்பித் தள்ளினாள். “நான் பிள்ளைக்கெண்டு சொல்லேல்லையே!”

“நானும் பிள்ளைக்கோ எண்டு கேக்கேல்லை, தங்கச்சி.”

மறுநாள் காலை பின்னறையில் தீப்பொறி சீறியது. “அம்மா, ஒட்டிட்டுது! வந்து பாருங்கோ!” என்று பிரதீபன் கத்தினான். எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட குரல். வாசல் படலையில் காவல் நின்ற இராசமலருக்கு ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடிக்கக் கால் துடித்தது. ஆனால் தெருவில் ஒரு வாகனம் வேகத்தைக் குறைத்தது. அது போய் மறையும்வரை படலையைப் பிடித்தபடி நின்றாள்.