கவிழ்த்து வைத்த காப்பிக் கெண்டி

ஹஸனிய்யாவின் மூத்த மகன் பகீத்தை மண்வெட்டியால் வெட்டிக் கொன்றவன் பெயர் வஹ்தான். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை யாருடையது என்பதில் வந்த சண்டை அது. பகீத்தான் முதலில் தடியை வீசினான். வஹ்தானின் இடது காதில் மேல்பாதி பிய்ந்து போனது. அடுத்த வீச்சு மண்வெட்டியுடையது. வாய்க்கால் தண்ணீர் சிவப்பாகவே அடுத்த வயலுக்கும் போய்ப் பாய்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள், கண்ணுகளா. கஷ்டமாக இருந்தால் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆனால் இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஹஸனிய்யா துக்கம் வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் வெட்டுப்பட்டுச் செத்தவன் வீட்டில், பதிலுக்கு ரத்தம் விழும்வரை துக்கம் கேட்க யாரையும் வாசல்படி ஏற விடுவதில்லை. துக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சீனியில்லாமல் காப்பி ஊற்றுகிற பித்தளைக் கெண்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். ஹஸனிய்யாவும் அப்படித்தான் வைத்தாள். அப்போது அவள் இடுப்பில் இருந்த இளைய பிள்ளை தாஹி, அந்தக் கெண்டியைப் பார்த்துப் பார்த்தே ஆளானான். ஆற்றுக்கு அக்கரையில், பழங்காலத்து ராஜாக்கள் கட்டின கோயிலில் காவல் வேலைக்குச் சேர்ந்தான்.

வஹ்தான் ஓடிவிட்டான். ஆற்றைத் தாண்டி, கடலையும் தாண்டி, கிரேக்க நாட்டில் ஒரு மீன்பிடித் துறையில் ஒளிந்துகொண்டான். அங்கேயே ஒருத்தியைக் கட்டினான். எலெனி என்று ஒரு மகள் பிறந்தாள். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, சொந்த மண்ணை நினைத்து அவனுக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணன் கஸாலிக்குச் சொல்லி அனுப்பினான்: “கபன் கொடுக்க வரேண்ணே.”

கபன் கொடுப்பது என்றால், கொன்றவன் தன்னைப் போர்த்திப் புதைக்க வேண்டிய துணியைத் தானே இரண்டு கைகளிலும் ஏந்தி, வெறுங்காலும் வெறுந்தலையுமாக, செத்தவன் வீட்டு வாசலில் போய்க் கழுத்தை நீட்டுவது. அந்தத் துணியைப் பார்த்த பிறகு அவன்மேல் ஓங்கின கை மனிதக் கை இல்லை என்பார்கள். துணியை அவர்கள் வாங்கிக்கொண்டால், அவனுக்குப் பதிலாக ஒரு கிடாயை அறுத்துப் பகையை முடித்துவிடுவார்கள்.

ஆனால் அந்த வாசல்வரை உயிரோடு போய்ச் சேர வேண்டுமே? அதற்காகத்தான் வஹ்தான் வெளிநாட்டு விருந்தாளிபோல வேஷம் போட்டு, ஒரு சுற்றுலாக் கப்பலில் மகளோடு வந்தான். பொழுது சாய்ந்ததும் கப்பல்காரர்கள் கூட்டத்தைக் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். கோயிலின் தலைமேலேயே எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் உட்கார்ந்திருக்கிறது. இஷா என்கிற இரவுத் தொழுகை முடிந்து, அவனை அந்த வாசலுக்கு அழைத்துப் போக அங்கே காத்திருக்கும் ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்துகொண்டால், அதற்கப்புறம் யாரும் அவனைத் தொட முடியாது. கபன் துணி தோள்பையில் இருந்தது. அதைக் கப்பலில் வைத்து மடித்துக் கொடுத்ததே எலெனிதான்.

அந்தக் கூட்டம் என்னைத் தாண்டித்தான் உள்ளே போனது. வாசலில் சால்வை விற்கிறவள் நான். அந்தப் பெண் ஒரு நீலச் சால்வையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்பா கூப்பிட்டதும் வைத்துவிட்டுப் போனாள்.

உள்ளே தாஹியும் அவனுடைய கூட்டாளி ஸனாத்தியும் காவலுக்கு நின்றார்கள்.

“டேய் தாஹி, அங்க பாரு. இருட்டினப்புறமும் ஒருத்தரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வர்றாரு. சிலைங்களைப் பாத்துக் கண்ணு கூசுதோ என்னமோ!”

“சும்மா இருடா. சிரிச்ச மூஞ்சியா நில்லு, படம் எடுக்கக் கூப்பிடுவாங்க.”

“நான் சிரிச்சிருவேன். உன் மூஞ்சியைப் படம் புடிச்சா மையத்துன்னு நெனைச்சு அழுதுருவாங்களே, அதுக்கு என்ன பண்றது?”

கீழேயிருந்து அடித்த மஞ்சள் வெளிச்சத்தில் சுவரில் செதுக்கின ராஜா நின்றான். ஒரு கையில் எதிரிகளின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, மறுகையை ஓங்கியபடி.

“அப்பா, இவரு எவ்வளவு காலமா கையை இப்படி ஓங்கிக்கிட்டே நிக்கறாரு?” என்றாள் எலெனி.

“கையை எறக்க யாரும் அவருக்குச் சொல்லித் தரலம்மா,” என்றான் வஹ்தான்.

அப்போது மேலே பாங்கு சொன்னார்கள். அந்த முற்றத்தைக் கடக்கும்போது, மேலே பள்ளிவாசலில் அடங்கியிருக்கிற மகானுக்கு ஃபாத்திஹா ஓதாமல் எங்கள் ஊரில் யாரும் போவதில்லை. கழுதை வண்டிக்காரன்கூட ஓதுவான். வஹ்தானுக்குத் தான் போட்டிருக்கும் வேஷம் மறந்துபோனது. அவன் கைகள் தாமாக ஏந்தின, உதடு அசைந்தது. ஓதி முடித்துக் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தடவிக்கொண்டான். காதை மறைத்திருந்த தொப்பி பின்னால் நழுவியது. மேல்பாதி இல்லாத காது வெளிச்சத்தில் தெரிந்தது.

தாஹி அதைப் பார்த்துவிட்டான்.

தூண்களுக்குப் பின்னால், உடைந்த கற்களை ஒட்டிச் சீர்செய்கிறவர்கள் சாமான்களைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு நீள உளியை எடுத்துக்கொண்டு அவன் கூட்டத்தின் வாலைப் பிடித்து நடந்தான். அப்பாவும் மகளும் தனியே பின்தங்கிய இடத்தில் கூப்பிட்டான்.

“வஹ்தான்!”

வேஷம் போட்டவன் திரும்பியிருக்கக் கூடாது. திரும்பினான்.

“நீ யாரு மவனே?”

“பகீத்தோட தம்பி.”

“தம்பி, பொறு. உங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன். இந்தா, இதைப் பாரு...” என்று வஹ்தான் பைக்குள் கையை விட்டான்.

துப்பாக்கி என்று நினைத்தான் தாஹி. உளி விலாவில் இறங்கியது. பிடுங்கி மறுபடி குத்தினான். எலும்பில் பட்டு வழுக்கியது. மூன்றாவது குத்து கழுத்தடியில். எலெனி அவன் முடியைப் பிடித்து இழுத்தாள், கையைக் கடித்தாள். அவளை உதறி எறிந்ததில் தூணின் அடியில் மோதி நெற்றி பிளந்தது. வஹ்தான் முட்டி போட்டான். பைக்குள் இருந்த கை மெதுவாக வெளியே வந்தது. விரல்களில் சுருண்டு வந்தது வெள்ளைத் துணி. அதை இரண்டு கைகளிலும் ஏந்தத்தான் பார்த்தான். மற்றக் கை எழவில்லை. துணி முழுக்கச் சிவந்த பிறகு முகம் குப்புற அதன்மேலேயே விழுந்தான்.

ஸனாத்தி ஓடிவந்து உளியைப் பிடுங்கினான். “பாவி! பையை மெஷின்ல விட்டுத்தானடா ஆளையே உள்ள விடறோம்! துப்பாக்கி எப்படிடா வரும்? நாமதானடா வாசல்ல நின்னோம்!”

போலீஸ் வந்து கையைக் கட்டும்வரை தாஹி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சேதி படகில் ஆற்றைத் தாண்டி ஸனாத்திக்கு முன்னால் ஹஸனிய்யா வீட்டுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் குலவையிட்டு ஓடிவந்தார்கள். “ஹஸனிய்யா, கெண்டியை நிமித்து! உன் மவன் பழி எடுத்துட்டான்!” ஹஸனிய்யா நிமிர்த்தினாள். தூசி துடைத்தாள். அடுப்பில் காப்பி பொங்கும் நேரத்தில் ஸனாத்தி வந்து, நடந்ததை நடந்தபடி சொன்னான்.

“துணி பைக்கு வெளிய இருந்துச்சா, உள்ள இருந்துச்சா?” என்று கேட்டாள் அவள்.

“உள்ளதான் இருந்துச்சு பெரியம்மா. ஆனா அவரு கை அதைப் புடிச்சிருந்துச்சு.”

ஹஸனிய்யா கொதிக்கிற காப்பியை அடுப்பிலேயே ஊற்றினாள். சாம்பல் சீறி எழுந்து எல்லார் முகத்திலும் படிந்தது. கெண்டியைப் பழையபடி கவிழ்த்து வைத்தாள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கஸாலி வீட்டிலும் அன்று ஒரு கெண்டி கவிழ்ந்தது. தாஹியைச் சர்க்கார் ஜெயிலில் போடும், போடட்டும். ஜெயில் எங்கள் பக்கத்தில் பகையை முடிக்காது. “கம்பிக்குள்ள இருந்தாலும் அவனை விட மாட்டோம்,” என்று கஸாலியின் ஆட்கள் மாடியில் துப்பாக்கியோடு ஏறிவிட்டார்கள். ஹஸனிய்யாவுக்கு மிஞ்சியிருந்த பிள்ளை அவன் ஒருவன்தான்.

வஹ்தானை அடக்கம் செய்த மறுநாள் அவள் பெட்டியைத் திறந்தாள். ஹஜ்ஜுக்குப் போனபோது ஸம்ஸம் தண்ணீரில் நனைத்து உலர்த்தி, தனக்கென்று கொண்டுவந்த கபன் துணி அதில் இருந்தது. அதை ஏந்திக்கொண்டு செருப்பில்லாமல் இறங்கினாள். பொம்பளை கபன் கொண்டுபோய் எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. வழியில் மறித்தவர்களிடம், “அவன் கையைக் கட்டி வெச்சிருக்காங்க. அவனுக்குக் கை இப்ப நான்தான்,” என்றாள்.

கஸாலி மாடியிலிருந்து கத்தினான். “திரும்பிப் போ! பொம்பளை கொண்டாற கபனை எவன் வாங்குவான்?” அவள் காலடியில் சுட்டான். மண் தெறித்தது.

“சுட்டா நேராச் சுடுடா கஸாலி. இத்தனை பக்கத்துல குறி தப்புதே, ஊரு சிரிக்கும்!”

வாசலில் போய் மண்டியிட்டாள். “என் கழுத்து இருக்கு, எடுத்துக்கங்க. தாஹியை விட்ருங்க.”

கஸாலி கீழே இறங்கி வந்தான். நெற்றிக் கட்டோடு எலெனி உள்ளேயிருந்து வந்து நின்றாள். “ரத்தத்துக்குச் சொந்தக்காரி நீதாம்மா. நீ சொல்லு,” என்றான்.

எலெனி ஹஸனிய்யாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். முக்காடு நழுவியது. மறுபடி அறைந்தாள். உதட்டிலிருந்து வடிந்த ரத்தம் துணியில் படாதபடி கிழவி கைகளை முன்னே நீட்டிக்கொண்டாள். மூன்றாவது முறை ஓங்கின கை அப்படியே மேலே நின்றது. வெகுநேரம் நின்றது. அவள் தன் கையையே அண்ணாந்து பார்த்தாள்.

பிறகு அதை இறக்கி, துணியை வாங்கிக்கொண்டாள்.

“அப்பா கொண்டுவந்ததை யாரும் வாங்கல, பெரியப்பா,” என்றாள்.

கஸாலி துப்பாக்கியைச் சுவரில் அடித்து உடைத்தான். பெண்பிள்ளைபோல் விசும்பினான். அப்புறம் கிடாயை இழுத்துவரச் சொல்லி, தானே கத்தியை வைத்தான். கிடாய் துடித்ததில் சூடான ரத்தம் ஹஸனிய்யாவின் வெறுங்காலில் தெறித்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை நானும் ஹஸனிய்யா வீட்டுக்குப் போனேன். பகீத்துக்காக இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்காத துக்கத்தைக் கேட்க ஊரே வந்திருந்தது. கெண்டி நிமிர்ந்திருந்தது. அவள் கன்னத்தில் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன.

“உக்காரு,” என்று எனக்கு ஒரு கிண்ணம் ஊற்றினாள். “சீனி இல்ல.”