சாக்ஸ் போட்ட பாட்டில்

ஓர்த்தான்ஸ் அத்தை தன் அண்ணனின் இடது காலில் சாம்பல் நிறக் கம்பளி சாக்ஸை இழுத்து மாட்டிவிட்டு, வலது காலுக்கானதைத் தேடி இழுப்பறைகளைக் கலைத்துக்கொண்டிருந்தாள். சவப்பெட்டிக் கடைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன மெல்லிய கறுப்பு சாக்ஸை ஏற்கெனவே உருவிக் குப்பையில் போட்டாயிற்று. தான் பின்னிக் கொடுத்ததோடுதான் அண்ணன் கல்லறைக்குப் போகவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்கடி போச்சு?"

நிலைப்படியில் சாய்ந்து நின்ற ஒதீல், "அது வேலையா இருக்கு அத்தே" என்றாள்.

"சாக்ஸுக்கு என்னடி வேலை?"

"பாட்டில் மேல இருக்கு."

வியாழக்கிழமை காலை, மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஒதீலின் அப்பா லெயோன்ஸ் தடியை ஊன்றி நிலவறைக்கு இறங்கிப்போனார். அங்கே படுக்கைவாட்டில் அடுக்கியிருந்த பழைய ஒயின் பாட்டில்களில் ஒன்றைத் தூக்கிவந்து சமையலறை மேடையில் நிமிர்த்தி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வருவதற்குள் வண்டல் அடியில் இறங்கியாக வேண்டும். லேபிளைப் பார்த்து யாரும் வருஷத்தைத் தெரிந்துகொள்ளக் கூடாது, குடித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று, கையில் அகப்பட்ட சாக்ஸை அடியிலிருந்து கழுத்துவரை மாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை இரவு தூக்கத்திலேயே போய்விட்டார். பாட்டில் மட்டும் வைத்த இடத்தில் நின்றது.

"பொணத்த வீட்ல வெச்சுக்கிட்டுக் குடியாடி? நாளைக்கு அடக்கம். பாதிரியார் காதுல விழுந்தா என்ன ஆகும்?"

"அவரையும் வரச் சொல்லுங்க. இன்னொரு கிளாஸ் எடுத்து வெக்கறேன்."

அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் அப்பாவின் நண்பர்கள் மூன்று பேரும் வந்தார்கள். கசாப்புக்கடை ஃபிர்மேன், பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஆன்ஸெல்ம், மாட்டு வைத்தியக்காரி ஜில்பெர்த். வழக்கமாகத் தெருமுனையிலேயே கேட்கும் சத்தம் இன்று இல்லை. கறுப்பு உடையில் தெரியாத வீட்டுக்கு வந்தவர்களைப்போல வாசலில் தயங்கினார்கள். ஒதீல் மேஜையைத் தள்ளி, அப்பா கிடந்த அறைக் கதவை விரியத் திறந்து, அவருடைய நாற்காலியில் தான் உட்கார்ந்தாள்.

அந்த மேஜைக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒயினைப் பற்றிப் பொய் சொன்னவர் எல்லோருடைய கிளாஸையும் கழுவ வேண்டும். யார் கொண்டுவந்தது, எவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்தது என்பதெல்லாம் அங்கே செல்லாது. ஃபிர்மேன் தன் மகள் கல்யாணத்துக்கு வாங்கியதை, "இது காய்ச்சல்காரனுக்குக் குடுக்கற கஷாயம்" என்று லெயோன்ஸ் சொல்லப்போய், இருவரும் ஒரு கோடை முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் ஃபிர்மேனே வந்து, கஷாயம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

ஆன்ஸெல்ம் பாட்டிலை அசக்காமல் திறந்து ஊற்றினார். ஊற்றியதில் சாக்ஸில் கொஞ்சம் வழிந்தது. நான்கு பேரும் கிளாஸைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனார்கள்.

"அடேயப்பா!" என்றார் ஃபிர்மேன். கண் கலங்கியிருந்தது.

"காஞ்ச ரோஜா வாசன. அப்புறம் மழைக்கால காளான்" என்றார் ஆன்ஸெல்ம்.

"லெயோன்ஸ் எடுத்தா சோடை போகுமா?" என்றாள் ஜில்பெர்த்.

ஒதீல் முகர்ந்தாள். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பழத்தின் ருசி எங்கேயும் இல்லை, வாயெல்லாம் பூஞ்சைதான். தக்கை கெட்டு ஒயினையும் கெடுத்திருந்தது. இது முதல் மோப்பத்திலேயே தெரியாத மூக்கு அந்த மூன்று பேரிடமும் கிடையாது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"கெட்டுப்போச்சு" என்றாள்.

"மெதுவா பேசு" என்று ஜில்பெர்த் திறந்திருந்த கதவைப் பார்த்தாள்.

"ஏன், அவருக்குக் கேட்டுடுமா? கேக்கட்டும். உயிரோட இருந்தா அவருதான் மொதல்ல துப்பியிருப்பாரு."

"இன்னிக்கு ஒருநாள் விட்டுக்குடுக்கலாமேம்மா" என்றார் ஆன்ஸெல்ம்.

"இன்னிக்கு ஒயினுக்கு விட்டுக்குடுப்பீங்க. நாளைக்குக் கல்லறையில நின்னு அவரு தங்கமான மனுசன்னு பேசுவீங்க. அவரு தங்கமா? சொல்லுங்க ஃபிர்மேன்."

ஃபிர்மேன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இல்ல. கழுத. பிடிவாதம் பிடிச்ச கழுத."

"அப்ப இது?"

"குப்ப" என்றார் அவர்.

ஒதீல் சாக்ஸை உருவினாள். லேபிளில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று.

"நீ பொறந்த வருஷம்டி" என்றாள் அத்தை. எப்போது வந்து நின்றாள் என்று யாருக்கும் தெரியவில்லை. "இத்தன வருஷம் உனக்குன்னு வெச்சிருந்திருக்கான். அதப் போய் கெட்டுப்போச்சுன்னு சொல்றியே!"

ஒதீல் லேபிளைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தாள். பல நாள் மூடியிருந்த வீட்டைத் திறந்ததுபோல நாற்றம் எழுந்தது. கடைசிச் சொட்டுவரை வடியவிட்டுக் குழாயையும் திறந்துவிட்டாள்.

பிறகு நிலவறைக்கு இறங்கி, கைக்கு வந்த இன்னொரு பழைய பாட்டிலோடு ஏறிவந்தாள்.

ஆன்ஸெல்ம் பதறிப்போனார். "நிமித்தி வெக்கவே இல்லையே! ஆட்டி வேற எடுத்துட்டு வர்ற. வண்டலெல்லாம் கலங்கியிருக்கும்மா!"

"கலங்கட்டும். மூணு நாள் காத்திருக்க அவருக்கு நேரமில்ல. நாளைக்குக் கிளம்பறாரு."

தக்கையை அவளே இழுத்தாள். ஊற்றியது சேற்றுநீர்போல இருந்தது. ஃபிர்மேன் வாயில் வைத்து வெகுநேரம் விழுங்காமல் இருந்தார்.

"பல்லுல நறநறங்குது" என்றார். "பாக்கவே சகிக்கல. ஆனா..."

"ஆனா?"

"நல்லா இருக்குடி, சனியனே." சொல்லிவிட்டுத்தான் அவர் வாய்விட்டு அழுதார்.

அத்தை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கும் கொஞ்சம் ஊத்து" என்றாள்.

பாட்டில் காலியானதும், முதல் ஒயினைப் பற்றிச் சொன்ன பொய்க்காக மூன்று கிழங்களும் தொட்டியருகே நின்று கிளாஸ் கழுவினார்கள். சரியாகத் துடைக்கவில்லை என்று ஒருவரையொருவர் ஏசுவது அறைவரை கேட்டது. ஒதீல் சாக்ஸை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தாள். கணுக்கால் பக்கம் கருஞ்சிவப்பாகக் கறை, இன்னும் ஈரம் காயவில்லை.

அத்தை கறையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், குனிந்து அண்ணனின் வலது குதிகாலைத் தூக்கிப் பிடித்தாள். கறை உள்பக்கம் மறைந்து போகாமல் வெளிப்பக்கம் வரும்படி திருப்பி, ஒதீல் சாக்ஸை முழுசாக இழுத்து மாட்டினாள்.