பதினொரு தடவை நின்றுபோன கணினி

ஐலா காங்கஸ் தட்டச்சில் கெட்டிக்காரி என்பது பனி கொட்டும் சுரங்க ஊரான இஷ்பெமிங்கில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தோரு வருஷம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவள். வக்கீல் வாயை மூடுவதற்குள் அவள் வரியை முடித்திருப்பாள் என்று பேச்சு. ஓய்வு பெற்ற பிறகும் அவள் விரல்கள் சும்மா இருக்கவில்லை. ஊர் வரலாற்றுச் சங்கத்தில் இரண்டு பெட்டி நிறையப் பழைய பள்ளிக்கூடக் குறிப்பேடுகள் கிடந்தன. எந்தப் பிள்ளை வந்தது, எது அம்மை கண்டு படுத்தது, யாருடைய அப்பா சுரங்கத்தில் செத்தார் என்று நூறு வருஷத்துக்கு முந்தைய ஆசிரியைகள் மசியில் எழுதி வைத்தவை. எல்லாவற்றையும் கணினியில் அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டு, தினமும் காலைக் காபி முடிந்ததும் உட்கார்ந்துவிடுவாள்.

ஜனவரி நடுவில் கணினி மக்கர் செய்ய ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று என்ன அடித்தாலும் திரையில் ஓர் எழுத்தும் விழாது. ஐலா கூப்பிட, அவள் கணவர் ரெய்னோ கீழ்த்தளத்திலிருந்து படியேறி வந்து பார்ப்பார். அதற்குள் அது ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்யும்.

ரெய்னோ, இரும்புத் தாது ஏற்றும் ரயில் பாதையில் முப்பது வருஷத்துக்கு மேல் சிக்னல் பழுது பார்த்தவர். ஒரேயடியாகச் செத்துப்போன சிக்னலைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததில்லை. வந்து வந்து போகிற கோளாறுதான் மனுஷனைக் கொல்லும். பனியில் பத்து மைல் போய் நின்றால் பச்சை விளக்கு ஒழுங்காக எரியும். திரும்பி வீடு வந்து பூட்ஸைக் கழற்றினால் மறுபடி அணைந்துவிட்டது என்று தகவல் வரும். அதனால் இந்தக் கணினி விஷயத்தில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட இருந்தது. வெகுநாள் கழித்து ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

மஞ்சள் தாள் அட்டை ஒன்றை மேஜை ஓரத்தில் வைத்தார். நின்ற நாள், மணி, அப்போது அடுப்பறையில் என்ன ஓடியது, வெளியே எத்தனை டிகிரி எல்லாம் எழுதினார். விசைப்பலகையை மாற்றினார். அது செருகியிருந்த துளையை மாற்றினார். வைரஸ் இருக்கிறதா என்று தேடினார். மின்சாரம் ஏறி இறங்குகிறதோ என்று ஒரு வாரம் வேறு அறையிலிருந்து கம்பி இழுத்து வைத்தார். கணினிப் பெட்டியைத் திறந்து தூசி ஊதினார். ஒன்றும் பலிக்கவில்லை. பத்தொன்பது நாளில் பதினொரு தடவை நின்றிருந்தது. அவர் உட்கார்ந்து ஆள்காட்டி விரல் இரண்டால் குத்திக் குத்தி அடித்தபோது ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அதை அவர் வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"நீ ஏதோ தப்பா அமுக்குற, ஐலா."

ஐலா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "கோழி கொத்துற மாதிரி அடிக்கிற ஆளு எனக்கு டைப்பிங் சொல்லித் தர்றியா? போ, போய் வாசல்ல பனியைத் தள்ளு."

அன்று முழுக்க இருவருக்கும் பேச்சில்லை. சனிக்கிழமை சௌனா என்கிற நீராவிக் குளியல் அறையில்கூட அவள் மேல் பலகையிலும் அவர் கீழ்ப் பலகையிலுமாக, சுவரைப் பார்த்தபடி வேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை ரெய்னோ கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் மார்க்கெட் என்ற பெயருள்ள நகரத்தில் இருந்த பழுதுபார்க்கும் கடைக்குப் போனார். கடையை நடத்தியவள் ஷெல்லி என்ற நடுவயதுப் பெண். மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தாள். ரெய்னோ தன் மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினார். அவள் அதைச் சிரிக்காமல் கடைசி வரைக்கும் படித்ததில் அவருக்கு அவள்மேல் மரியாதை வந்தது.

"எல்லாம் எழுதியிருக்கீங்க சார். ஆனா நிக்கிற நேரத்துல அவங்க என்ன செய்றாங்கன்னு ஒரு வரிகூட இல்லையே. பக்கத்துல உக்காந்து பார்த்தீங்களா?"

இல்லை, அவர் பார்க்கவில்லை. நாற்பத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்பது காரை ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் காலை ஏலக்காய் ரொட்டியில் இரண்டு துண்டு வெட்டி, காபியோடு எடுத்துவந்து ஒரு நாற்காலியை அவளருகே போட்டார். என்ன இது, காவல் காக்கிறாயா என்று ஐலா கேட்டாள். கணினியைத்தான் பார்க்கப்போகிறேன், உன்னை இல்லை என்றார். முதல் அரைமணி நேரம் அது உண்மையாகவும் இருந்தது. பிறகு அவர் கண் தானாக அவள் கைகளுக்குப் போயிற்று.

அவள் கண்கள் குறிப்பேட்டை விட்டு அகலவில்லை. இடது கை, அவர் கேள்விப்பட்டிருந்தபடியே, பறந்தது. வலது கை அப்படி இல்லை. ஒரு எழுத்துப் பிந்தியே வந்துகொண்டிருந்தது, இடது கை அதற்காகக் காத்திருந்தது. அன்றைக்கு அடித்தது ஒரு வகுப்பின் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் பெரிய எழுத்து வேண்டும். அதற்கு அவள் வலது சுண்டுவிரலை ஓரத்தில் இருக்கும் ஷிஃப்ட் விசைமேல் வைப்பாள். ஆசிரியையின் கையெழுத்து ஓரிடத்தில் புரியாமல், ஐலா தாளுக்குக் குனிந்தாள். சுண்டுவிரல் விசைமேலேயே கிடந்தது. ரெய்னோ மனசுக்குள் எண்ணினார். எட்டு வரை எண்ணியபோது திரையில் சின்னக் கட்டம் ஒன்று தோன்றியது. அவள் நிமிராமலே இடைவெளி விசையைத் தட்ட, கட்டம் மறைந்தது. அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் விழவில்லை.

"பாத்தியா?" என்றாள் ஐலா, ஜெயித்தவள் குரலில்.

அவர் அவளைக் காபி சூடாக்க அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். மவுஸ் ஒழுங்காக ஓடியது. கணினியின் அமைப்புகளுக்குள் நுழைந்து தேடினார். வலது ஷிஃப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் ஒரு வசதியை இயக்கட்டுமா என்று கேட்டு அந்தக் கட்டம் வருகிறது. இடைவெளி விசை அதற்குச் சரி என்று பதில் சொல்லிவிடுகிறது. அப்புறம் லேசாகத் தட்டுகிற எதையும் கணினி கண்டுகொள்ளாது. ஒவ்வொரு விசையையும் ஒரு விநாடி அழுத்தினால்தான் எழுத்து வரும். ஐந்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் வசதி தானே அணைந்துவிடும். அதனால்தான் அவர் படியேறி வந்து, என்ன ஏது என்று விசாரித்து, நாற்காலியை இழுத்து உட்காரும்போதெல்லாம் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. அது யாருக்கான வசதி என்றும் கீழே ஒரு வரி இருந்தது. கை நடுங்குகிறவர்களுக்கு.

அந்த வரியை அவர் இரண்டு தடவை படித்தார். அந்த வசதிக்கு எதிரே சின்னக் கட்டத்துக்குள் இருந்த டிக் குறியை எடுத்துவிட்டார். அவ்வளவுதான் ரிப்பேர். ஐலா காபியோடு வந்ததும், ஏதோ வேண்டாத வசதி ஒன்று தானாக முளைத்து வந்திருக்கிறது, அணைத்துவிட்டேன் என்றார். அவள் அவர் மொட்டைத்தலையில் ஒரு முத்தம் வைத்தாள்.

நாலு நாள் கணினி நிற்கவே இல்லை. ஐலா பாடிக்கொண்டே அடித்தாள். ரெய்னோதான் அவள் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எங்கும் அதுதான் கண்ணில் பட்டது. தபால்பெட்டி வரை நடக்கும்போது அவளுடைய இடது கை வீசியது, வலது கை ஒட்டிக்கொண்டு வந்தது. இறைச்சி வைத்துச் சுடும் பேஸ்டிக்கு மாவின் ஓரத்தை விரலால் மடிப்பவள், இப்போது முள்கரண்டியால் அழுத்தி ஒட்டினாள். வாழ்த்து அட்டையில் போட்ட கையெழுத்து கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

ரயில்வேயில் ஒரு பாவம் உண்டு, அதைச் செய்தவனோடு மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். எச்சரிக்கை மணி ஓயாமல் அடிக்கிறது, காரணம் தெரியவில்லை என்றால், மணியின் கம்பியைக் கழற்றிவிட்டுப் போவது. வண்டி ஓடத்தான் செய்யும். ரெய்னோ ஒருநாளும் அதைச் செய்ததில்லை. இப்போது சொந்த வீட்டில் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்குப் பட்டது.

ஐந்தாம் நாள் காலை, அவள் கணினிப் பக்கம் போகுமுன், அடுப்பறை மேஜையில் அவளை உட்காரச் சொன்னார்.

"கணினியில கோளாறே இல்ல, ஐலா. அன்னிக்கு நான் முழுசா சொல்லல."

"அப்ப என்ன? நான்தான் தப்பா அடிக்கிறேன்னு மறுபடியும் ஆரம்பிக்கிறியா?"

"நீ தப்பா அடிக்கல. உன் சுண்டுவிரல் அந்த விசையை விட்டு எழுந்திரிக்க மாட்டேங்குது. உனக்கே தெரியாம."

அவர் பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார், தேதியோடு. அவருக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது. ஐலா வலது கையை மேஜைமேல் விரித்து வைத்து, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையுறையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நவம்பர்ல இருந்து எனக்குச் சட்டைப் பொத்தான் போட வரல," என்றாள் கடைசியில். "தலைவழியா மாட்டுற ஸ்வெட்டராவே போட்டுக்கிட்டுத் திரியறேன். நீ பார்த்தியா?"

"இல்ல."

"நல்லவேளைன்னு நெனச்சேன். அப்புறம் இந்தக் கணினி நிக்க ஆரம்பிச்சுதா, எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? நான் மெதுவாயிட்டதுக்குக் காரணம் அதுதான், என் கை இல்லன்னு. நீ ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் பார்த்தப்ப, எதையாவது கண்டுபிடிச்சிடணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன்."

அவர் அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். குளிர்ந்திருந்தது. அவள், இனி இதுமாதிரி நாலு நாள் எதையாவது ஒளித்து வைத்தால் சௌனாவுக்குள் பூட்டி வைப்பேன் என்றாள். அவர் சரி என்றார்.

நரம்பு மருத்துவரைப் பார்க்க ஆறு வாரம் ஆயிற்று. அவர் ஐலாவை நடக்கச் சொன்னார், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார், ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். பார்க்கின்சன் நோய், ஆரம்பக் கட்டம் என்றார். இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கவனித்தீர்கள் என்று கேட்டார். என் புருஷன் ஒரு கணினியை ரிப்பேர் செய்தார் என்று ஐலா சொன்னாள்.

மாத்திரை கேட்டது, ஓரளவுக்கு. காலை மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்திலிருந்து மதியம் வரை கை நன்றாக இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் அடிப்பாள். குனிந்து படிக்கும்போதுதான் கை தங்கிவிடுகிறது என்பதால் ரெய்னோ பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பேட்டை வாசித்துக் காட்டினார். அதிலிருந்த ஃபின்னிஷ் பெயர்களை அவர் உச்சரித்ததைக் கேட்டு, உன் அம்மா கேட்டிருந்தா செத்தே போயிருப்பாங்க என்பாள். முதல் பெட்டி ஜூன் கடைசியில் முடிந்தது. அதை வரலாற்றுச் சங்கத்தில் கொடுத்துவிட்டு, இரண்டாவது பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அது முதலாவதைவிடக் கனமாக இருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, படியில் ஒரு தடவை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, உள்ளே கொண்டுபோனார்கள்.