மாரியாயியின் முதுகு

தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே, தேயிலை மலையின் மடிப்பில் இருந்த சிவகாமி முதியோர் இல்லத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். எல்லோரும் தோட்டங்களில் கொழுந்து பறித்தும் செடி கவ்வாத்து வெட்டியும் ஓய்ந்தவர்கள். பிள்ளைகள் இல்லாமலோ, இருந்தும் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையில் படுக்க இடமில்லாமலோ அங்கே வந்து சேர்ந்தவர்கள். பதுளை வியாபாரிகள் சிலர் ஒரு பழைய ஸ்டோர் கட்டிடத்தை வாங்கி, கட்டில் போட்டு, அரிசி பருப்பு அனுப்பி நடத்திய இல்லம் அது. பார்த்துக்கொள்ள ஜெயலெட்சுமி ஒருத்திதான். தோட்டத்து மருந்துக் கொட்டகையில் பதினைந்து வருடம் உதவிக்கு நின்றவள். புருஷன் போன பிறகு இந்தக் கிழடுகளே அவளுக்கு உலகம்.

1956ஆம் வருடம் தைப்பொங்கல் கழிந்த வாரம் பதுளை அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெப்ரவரி ஏழாந் தேதி ஓர் அதிகாரி வந்து இல்லத்தைப் பார்வையிடுவார். முதியவர்களுக்குப் பராமரிப்பும் பாதுகாப்பும் போதுமானவையாக இருந்தால் பதிவு தொடரும். இல்லாவிட்டால் இல்லம் மூடப்படும்.

ஜெயலெட்சுமி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். போன மாதம்தான் வேறோர் ஊரில் அப்படி ஓர் இல்லத்தை மூடினார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். இந்தப் பதினொரு பேரும் எங்கே போவார்கள்? பாதிப் பேரிடம் எந்த நாட்டுக் குடியுரிமைக் கடதாசியும் கிடையாது.

மாலை விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகு கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள்.

"பயப்படாதீங்க. எது எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். கேட்டா உள்ளதச் சொல்லுங்க, போதும்" என்றாள்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஏழாந் தேதி காலை அதிகாரியை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனாள். இறங்கியது ஒரு பெண்மணி. பெயர் குணமணி. யாழ்ப்பாணத்தார். ஐம்பதை ஒட்டிய வயது, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு தோல் பை. இருபது வருடம் ஆஸ்பத்திரி வார்ட்டுகளில் தாதியாக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். அந்த இன்னொரு இல்லத்தை மூடச் சொல்லி எழுதியதும் இவர்தான் என்று மலையேறும்போது பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஜெயலெட்சுமி வழியைப் பார்த்தபடியே ஏறினாள்.

இல்லத்து வாசலுக்கு வந்ததும் குணமணி ஒரு கணம் நின்றார். கண்ணை மூடி, "கதிர்காமத்தானே, கண்ணில படவேண்டியது படட்டும்" என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தார்.

முற்றத்தில் கிழவர்களும் கிழவிகளும் வரிசையாக நின்றார்கள். தலை வாரி, துவைத்த துணி உடுத்தி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. வரிசையின் தலைப்பில் பழைய கறுப்புக் கோட்டுப் போட்டு நின்றார் ரெங்கசாமி, ஒரு காலத்தில் கங்காணியாக இருந்தவர்.

"வணக்கமுங்க" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

"என்ன இது, பள்ளிக்கூடமோ?" என்று கேட்டார் குணமணி.

"பெரட்டுங்க அம்மா. தோட்டத்துல விடியக்காலம் வரிசையா நிறுத்திப் பேர் கூப்புடுவாங்கள்ல, அது மாதிரி. எல்லாரும் ஆஜர். ஒருத்தருக்கும் ஒரு குறையும் கெடையாது."

ஜெயலெட்சுமி வரிசையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இப்படி நிற்கும்படி அவள் சொல்லவே இல்லை.

குணமணி முதலில் நின்ற ரெங்கசாமியிடம் வயது கேட்டார்.

"அம்பதுங்க."

அடுத்தவர் அழகையா. தோளில் கிடந்த துண்டுக்குள் வலக்கையைச் சுருட்டி வைத்திருந்தார். "நாப்பத்தெட்டுங்க" என்றார்.

"எம் கல்யாணத்துக்குத் தவுல் அடிச்ச ஆளு. அப்பவே தல நரச்சிருந்துச்சு" என்று பக்கத்தில் நின்ற பாக்கியலெட்சுமி முணுமுணுத்தார்.

"ஒன் வயசச் சொல்லு மொதல்ல" என்றார் அழகையா.

"முப்பத்தொம்பது" என்றார் பாக்கியலெட்சுமி, பல்லில்லாத வாயால், கொஞ்சமும் கூசாமல்.

குணமணி சிரிக்கவில்லை. "சாப்பாடு எப்பிடி?"

"ராசா வீட்டுச் சாப்பாடுங்க."

"வருத்தம் வந்தால் மருந்து கிடைக்குதோ?"

"வருத்தமே வராதுங்க."

"கக்கூசு பள்ளத்துக்குள்ள இருக்கு. இரவில எப்பிடிப் போறனீங்கள்?"

ரெங்கசாமி ஒரு நொடி யோசித்தார். "நாங்க ராவுல போறதில்லீங்க."

"ஒருத்தருமோ?"

"ஒருத்தரும் போறதில்லீங்க."

குணமணி புத்தகத்தில் ஏதோ எழுதினார். அவர் முகம் இறுகிவிட்டது. முன்பு மூடிய அந்த இல்லத்திலும் இப்படித்தான் ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. அங்கே அவர்கள் பொறுப்பாளருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. குணமணி திரும்பி ஜெயலெட்சுமியை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் ஜெயலெட்சுமிக்கு விளங்கியது.

"பேர் எழுதின இடாப்பில பதினொரு பேர். இஞ்ச பத்துப் பேர்தான் நிக்கினம்."

"மாரியாயி ஆத்தா எழும்ப மாட்டாங்கம்மா. ரெண்டு வருசமாப் படுக்கைதான். வாங்க, காட்டுறேன்."

உள்ளே கூட்டிப்போனாள். மாரியாயியின் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. மெத்தையைச் சுருட்டி மூலையில் வைத்திருந்தார்கள்.

"மாரியாயி மக வீட்டுக்குப் போயிருக்குங்க" என்றது பின்னாலிருந்து ரெங்கசாமியின் குரல்.

மாரியாயிக்கு மகள் கிடையாது. நடக்கத் தெம்பும் கிடையாது. ஜெயலெட்சுமி வெளியே ஓடினாள். குசினி, கிணற்றடி, மாட்டுக்கொட்டில் எல்லாம் பார்த்தாள். "ஆத்தா, ஆத்தா" என்று கூப்பிடும்போது குரல் உடைந்துவிட்டது.

விறகுக் கொட்டகையின் உள்ளிருந்து மெதுவாகப் பதில் வந்தது.

"இங்கதான் இருக்கேன் தாயி. அழுவாத. யாருகிட்டயும் சொல்லிறாத."

அடுக்கிய விறகுக்குப் பின்னால், வைக்கோல் பரப்பி, அதன் மேல் இரண்டு போர்வை விரித்து, மாரியாயியைப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர். இரண்டு கம்பு கோத்த கொழுந்துச் சாக்கு சுவரில் சாய்ந்திருந்தது. அதில் வைத்துத்தான் தூக்கி வந்திருக்கிறார்கள்.

குணமணி கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். விறகில் பூச்சி ஊர்ந்தது. கூரை இடுக்கால் பனி இறங்கியது.

"எழும்ப ஏலாத மனிசியை விறகோட போட்டு வைச்சிருக்கிறியள்" என்றார். குரல் உயரவில்லை. "நான் இதுக்கு மேல என்னத்தைப் பாக்கிறது?"

ஜெயலெட்சுமிக்கு இப்போது எல்லாம் புரிந்தது. தான் ஸ்டேஷனுக்குப் போன நேரம் நடந்த காரியம் இது. எனக்குத் தெரியாது, இவர்கள் செய்தது என்று அவள் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. வரிசையை விட்டு வந்து தலைகுனிந்து நின்ற கிழவர்களைப் பார்த்தாள். சொல்ல மனம் வரவில்லை.

"எம் பொறுப்புல இருக்கவங்க அம்மா. நாந்தான் பாத்திருக்கணும்."

ரெங்கசாமி கோட்டைக் கழற்றினார். தகுதியில்லாத ஒன்றைப் போட்டிருந்தவர்போல அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நாந்தான் தூக்க வச்சேன். நாப்பது வருசம் பெரட்டு வச்சவன் நான். வெளியில இருந்து ஒரு பெரிய ஆளு பார்க்க வந்தா, நிக்கிறவன் ஒரு பக்கம், நிக்க முடியாதவன் ஒரு பக்கம். நிக்க முடியாதவனுக்கு அடுத்த நாள் தோட்டத்துல பேர் கெடையாது. எங்களுக்குத் தெரிஞ்சது அதுதான். மாரியாயியக் கண்டா இந்த வீட்டையே மூடிருவீங்கன்னு நெனச்சோம்."

"நாந்தான் சரின்னேன்" என்றார் உள்ளிருந்து மாரியாயி. "அவுகளக் கோவிக்காதீங்க. இருமாமக் கெடன்னாங்க. கெடந்தேன்."

குணமணி பையைக் கீழே வைத்துச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "முதல்ல கட்டிலுக்குக் கொண்டுபோவம். நான் ஒரு பக்கம் பிடிக்கிறன்."

மாரியாயியைக் கட்டிலில் கிடத்தியதும் ஆண்களை வெளியே போகச் சொன்னார். "உங்கட முதுகை நான் பாக்கோணும் ஆச்சி."

"முதுகுல என்னங்க இருக்கு?"

"அதைத்தான் பாக்கோணும்."

ஜெயலெட்சுமி பக்குவமாகத் திருப்பிப் பிடித்தாள். குணமணி முதுகைப் பார்த்தார். இடுப்பெலும்பு, தோள்பட்டை, குதிகால் என்று எலும்பு துருத்தும் இடங்களையெல்லாம் விரலால் அழுத்திப் பார்த்தார். மெலிந்த உடம்பு, சுருங்கிய தோல். ஆனால் ஓரிடத்திலும் புண் இல்லை, சிவப்புக்கூட இல்லை. தேங்காயெண்ணெய் மணந்தது. நகமெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தது.

"இரண்டு வருசமோ?"

"வர்ற மாசியோட ரெண்டு முடியுது அம்மா."

"எத்தினை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிறனீங்கள்?"

"ரெண்டு மணிக்கு ஒருதரம். மருந்துக் கொட்டகையில டாக்டரய்யா சொல்லிக் குடுத்தது."

"பகலில சரி. இரவில நீங்கள் தனி ஆள். ஆர் திருப்பிறது?"

ஜெயலெட்சுமி வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "அவுங்கதான். கங்காணி ஐயா தெனமும் காலையில பேர் கூப்புட்டு வேலை பிரிப்பாரு. தண்ணி அள்ள, காய் நறுக்க, மாரியாயி ஆத்தாளத் திருப்ப. ராவு பூரா ரெண்டு மணிக்கு ஒருதரம் ஆள் மாறும், சாமான் ரயிலு ஊதுற நேரம் ரெண்டு பேர், கோழி கூவுற நேரம் ரெண்டு பேர்ன்னு. முடியாதுன்னு யாரும் சொன்னதில்ல. சொன்னா அடுத்த நாள் அவரு ரெண்டு தரம் பேர் போட்டுருவாரு."

குணமணி மாரியாயியின் சேலையைச் சரிசெய்தார். கை அங்கேயே தங்கியது.

"ஆஸ்பத்திரியில முப்பது கட்டிலுக்கு நான் பொறுப்பா இருந்தன். மூண்டு தாதிமார் இருந்தவை. அப்பிடியிருந்தும் ஒரு மனிசிக்கு இடுப்பில புண் வந்து எலும்பு தெரிஞ்சது. அண்டைக்கு அவவின்ர முகத்தை என்னால பாக்க முடியேல்லை" என்றார். "இப்பவும் கும்பிடேக்க அவ நினைப்பு வரும்."

மாரியாயி அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையில் பலம் இல்லை. ஆனாலும் குணமணிக்கு அது தேவையாக இருந்தது.

கடவுள் நம் கண்ணைத் திறக்கப் பெரிய காட்சிகளைத் தேடுவதில்லை. புண் இல்லாத ஒரு முதுகே அவருக்குப் போதுமாயிருக்கிறது.

குணமணி வெளியே வந்து எல்லோரையும் திண்ணையில் உட்காரச் சொன்னார். தாமும் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"நான் தோட்டத்துத் துரை இல்லை. ஏலாத ஆக்களைக் கழிக்க வரேல்லை. ஏலாத ஆக்களை நல்லாப் பாக்கினமோ எண்டு பாக்கத்தான் வந்தனான். இனிக் குறையைச் சொல்லுங்கோ. குறை இல்லாத வீடு எண்டு நீங்கள் சொன்னால் நான் நம்ப மாட்டன். சொன்னால்தான் எழுதலாம். எழுதினால்தான் கந்தோரில ஏதும் செய்விக்கலாம்."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பாக்கியலெட்சுமிதான் தொடங்கினார்.

"ரசத்துல மொளகு சாஸ்திங்க."

"எழுதிறன்."

"ராவுல கதவுக்குக் குறுக்குக் கட்டை போட்டுருவாங்க. அதத் தூக்க எங்களுக்குப் பலம் இல்ல. செயலெச்சுமி அசந்து தூங்குனா எழுப்புறதுக்குள்ள..." பாக்கியலெட்சுமி நிறுத்திக்கொண்டார்.

அவ்வளவுதான், எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். சிமினி விளக்கு வைக்கோல் மெத்தைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கக்கூசுக்குப் போகும் வழி மழை பெய்தால் சறுக்குகிறது. ஒருவர் ஜெயலெட்சுமி பாட்டுப் பாடுவதை நிறுத்தச் சொல்லி எழுத முடியுமா என்று கேட்டார். ஜெயலெட்சுமியே சிரித்துவிட்டாள்.

அழகையா மட்டும் பேசவில்லை. குணமணி அவரருகே போனார்.

"துண்டுக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஐயா, காட்டுங்கோ."

மெதுவாகக் கையை எடுத்தார். மணிக்கட்டு வீங்கிக் கோணலாக இருந்தது. அந்தச் சறுக்கு வழியில் மூன்று நாளுக்கு முன் விழுந்திருக்கிறார். ஜெயலெட்சுமியிடம்கூடச் சொல்லவில்லை.

"ஏம் பெரியப்பா?" என்றாள் ஜெயலெட்சுமி. "காலையில ஒங்களுக்குக் கஞ்சி ஊத்துனது நாந்தானே. எனக்கே தெரியாமப் போச்சே."

"நீ அதிகாரி வர்றாங்கன்னு தவிச்சுக்கிட்டிருந்த. நான் வேறயா?"

ஜெயலெட்சுமியின் கண் நிறைந்தது. பார்க்க வருகிறார்கள் என்ற பயத்தில் தானே பார்க்கத் தவறிவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"எலும்பு முறிஞ்சிருக்கு. இண்டைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்கு. என்னோட பஸ்ஸில வரட்டும்" என்றார் குணமணி.

அழகையா பின்வாங்கினார். "நான் போனா எங் கட்டிலு?"

குணமணி பெட்டியில் உட்கார்ந்து அறிக்கையை எழுதி முடித்தார். பிறகு ஒருபோதும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். எழுதியதை எல்லோருக்கும் கேட்க வாசித்தார். கக்கூசு வழிக்குப் படியும் கைப்பிடியும் இரண்டு வாரத்துக்குள் வேண்டும். கதவின் குறுக்குக் கட்டையை எடுத்து, உள்ளிருந்து யாரும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போட வேண்டும். விளக்கை மெத்தைகளுக்கு எட்டாத இடத்துக்கு மாற்ற வேண்டும். மாரியாயியின் கட்டில் வாசலுக்குக் கிட்ட இருக்க வேண்டும். உதவிக்கு இன்னொரு பெண்ணை நிர்வாகம் நியமிக்க வேண்டும். விழுந்த ஒருவரின் காயம் கவனிக்கப்படாமல் இருந்தது. இது பாரதூரமான குறை.

அந்த இடத்தில் ஜெயலெட்சுமி தலையைக் குனிந்தாள். குணமணி அவளைப் பார்த்தும் அந்த வரியை வெட்டவில்லை. தொடர்ந்து வாசித்தார்.

"படுக்கை நோயாளியின் பராமரிப்பு, நான் இதுவரை பார்த்த எந்த இடத்தையும்விட மேலானது. இந்த இல்லம் மூடப்படக்கூடாது. மூன்று மாதத்துக்குப் பதிவை நீடித்து, மேற்சொன்னவை நிறைவேறியதும் நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்கிறேன். பதினொரு கட்டில்கள், பதினொரு பேர்."

"என்னையும் சேர்த்தா?" என்றார் அழகையா.

"உங்களையும் சேர்த்துத்தான்."

"வயசு நாப்பத்தெட்டுன்னா எழுதிருக்கீங்க?"

"அதை நான் எழுதேல்லை. ஆஸ்பத்திரியில உண்மையைச் சொல்லுங்கோ, இல்லாட்டி மருந்து பிழைச்சுப் போகும்."

குணமணி இப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். அழகையாவின் கையை மரப்பட்டை வைத்துக் கட்டிவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்கு அவரை மெல்ல நடத்திக் கூட்டிப்போனார். ஜெயலெட்சுமி ரோடு வரை வந்து, பஸ் வளைவில் மறையும் வரை நின்றாள்.

திரும்பி வந்தபோது முற்றத்தில் ஒருவரும் இல்லை. பள்ளத்துப் பக்கம் வெட்டும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். கோட்டு இல்லாத ரெங்கசாமி மண்வெட்டியால் படி வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் மூங்கில் சீவினார்கள். பாக்கியலெட்சுமி கயிறு திரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வாரம் இருக்கே, என்ன அவசரம்?" என்றாள்.

"ரெண்டு வாரத்துக்கு ராவு வராதா?" என்றார் ரெங்கசாமி.

வாசலுக்குக் கிட்டே நகர்த்திப் போட்ட கட்டிலிலிருந்து மாரியாயி குரல் கொடுத்தார். "வளைவுல ரெண்டு பக்கமும் கம்பு கட்டுங்கப்பா. கை கூடுற வரைக்கும் அழகையாவுக்கு ஒத்தக் கைதான்."

ஜெயலெட்சுமி சேலையைச் செருகிக்கொண்டு, மூங்கிலின் மறுமுனையைப் பிடிக்க இறங்கினாள்.