உட்கார்ந்த கார்

பொன்னுராஜ் அந்தக் காரை வாங்கியபோதே அது கிழடு. கோட்டயத்து ரப்பர் முதலாளி ஒருவர் ஆண்டு அனுபவித்து, அலுத்துப்போய்த் தள்ளிவிட்ட வெளிநாட்டு வண்டி. புதிதாக வாங்கினால் அரைக் கோடிக்கு மேல் ஆகும். இவருக்கு ஒரு சாதாரணக் காரின் விலையில் முடிந்தது. போடி கடைவீதியில் ஏலக்காய் வாங்கி விற்கிற மனிதருக்கு வேறென்ன வேண்டும்? கறுப்பு நிறம், தோல் சீட்டு, கதவைச் சாத்தினால் சத்தமே வராது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் கூப்பிடு தூரம்தான். அதற்கும் காரில்தான் போவார்.

மலிவாக வந்தது கார் மட்டும்தான், அதற்கு ஆகிற செலவு அரைக் கோடிக் காருக்கு ஆகிற செலவு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார், அது வேறு விஷயம். முதலில் ஏசி குளிராமல் போனது. பிறகு ஒரு கண்ணாடி இறங்கியது, ஏறவில்லை. சாரலில் பிளாஸ்டிக் பையை ஒட்டிக்கொண்டு ஓட்டினார். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். காசு கொடுத்து அதை அணைத்தால் பக்கத்தில் இன்னொன்று எரியும். எஞ்சினிலிருந்து ஆயில் கசிந்து வாசல் சிமெண்டெல்லாம் கறை. மனைவி ஜெபஷீலா தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோனாள். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் கியர்பாக்ஸ் உதற ஆரம்பித்தது. தேனியில் இந்த மாதிரி வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக் லிங்கேஸ்வரன் சொன்ன தொகையை அவர் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"இங்கன பார்ட்ஸ் கெடைக்காதுண்ணாச்சி. கோயமுத்தூருல ஆர்டர் போட்டுத்தான் வரணும்."

"வித்துத் தொலைங்களேன்," என்றாள் ஜெபஷீலா. "இந்த யானைக்குத் தீனி போட்டுக் கட்டுபடியாகுமா?"

விற்கலாம்தான். பழைய இரும்பு விலைக்குக் கேட்க ஆள் இருந்தது. ஆனால் கடைவீதியில் ஒரு வியாபாரி காரை விற்றால், போவது கார் மட்டுமல்ல. ஏலக்காய் வியாபாரம் பேரில் ஓடுவது. மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் காயை உலர்த்தி, மூட்டை கட்டி, பொன்னுராஜின் கிடங்கில் கொண்டுவந்து போடுவார்கள். அன்றைக்கே விற்றுவிட மாட்டார்கள். விலை ஏறட்டும் என்று மாதக்கணக்கில் அங்கேயே விட்டுவைப்பார்கள். ரசீது கிடையாது, மூட்டையில் மையால் எழுதிய பேர்தான். பணமுடை வந்தால் அந்த மூட்டைகளில் சிலவற்றை விற்றுச் சமாளித்துவிட்டு, உடையவர் கேட்கும்போது வேறு காய் வாங்கிக் கொடுப்பதும் நடக்கிறதுதான். எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்காதவரை யாருக்கும் எதுவும் தெரியாது. கியர்பாக்ஸுக்குப் பணம் அப்படித்தான் வந்தது.

ஐப்பசியில் கம்பம்மெட்டுக்கு மேலே காய் பார்க்கப் போனவர், திரும்புகிற வழியில் கம்பத்தில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கார் தரையோடு தரையாகக் கிடந்தது. சக்கரங்கள் பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தன. மற்ற காருக்கு ஸ்பிரிங் இருக்கிற இடத்தில் இந்தக் காருக்குக் காற்றுப் பை. பை கிழிந்தால் மாடு படுப்பதுபோல் வண்டி படுத்துவிடும். டீக்கடைக் கூட்டம் சுற்றி நின்று சிரித்தது.

லிங்கேஸ்வரனுக்குப் போன் போட்டார். "பையும் போயிருக்கும், காத்தடிக்கிற கம்ப்ரஸரும் போயிருக்கும். ஓட்டிராதீக, தூக்கிட்டு வர வண்டி அனுப்புறேன்," என்றான் அவன்.

அடுத்துக் கடைக்குப் போன் போட்டார். எடுத்தது கணக்குப்பிள்ளை பால்பாண்டி. காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்வார். சுற்றிலும் ஆட்கள் சிரிக்கிற கூச்சத்தில் பொன்னுராஜ் 'கார்' என்ற வார்த்தையைச் சொல்லாமலே பேசினார்.

"பால்பாண்டி, உக்காந்துருச்சுப்பா."

"உக்காந்துருச்சா?"

"ஆமா. மொத்தமா."

"மொத்தமா உக்காந்துருச்சா! இனி எந்திரிக்காதாண்ணாச்சி?"

"லட்சக்கணக்குல போட்டா எந்திரிக்கும். இப்ப எங்கிட்ட எங்கன இருக்கு? நா வர நேரமாகும், நீ கடையச் சாத்திரு."

"கடையச் சாத்திரவா?"

காய் போட வந்தவர்கள் நாலைந்து பேர் கடையில் நிற்கிற சாயங்கால வேளை அது. போனுக்கு அந்தப் பக்கம் கலகலவென்று கேட்டுக்கொண்டிருந்த பேச்சு அடங்கிப்போனது. பொன்னுராஜுக்கு அது உறைக்கவில்லை. அந்தக் கடைவீதியில் ஒருவர் நொடித்துப்போனால், நொடித்துவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. உக்காந்துட்டாரு என்பார்கள்.

மறுநாள் கடை திறக்குமுன்பே வாசலில் ஆட்கள். ஒருத்தரும் விஷயத்தைச் சொல்லவில்லை. மகளுக்குக் காலேஜ் பீஸு என்றார் ஒருவர். வீடு பூசணும் என்றார் இன்னொருவர். போனில் பேசியது பொன்னுராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. "காருதாம்ப்பா உக்காந்துச்சு," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

"டயரு பஞ்சராகும், கேட்டுருக்கோம். காரு எங்கிட்டு உக்காரும்? எங்க காயக் குடுத்துருங்கண்ணாச்சி."

இருந்ததை எடுத்துக் கொடுத்தார். இரண்டே நாளில் கிடங்கில் பாதி காலி. கார் எழுந்து கடை வாசலில் நின்றால்தான் வாயை மூடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. பயந்த மனிதனின் புத்தி அப்படித்தான் போகும். ஜெபஷீலா வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். புதுப் பை, புதுக் கம்ப்ரஸர். கழுவித் துடைத்த கார் கடை முன்னால் நிமிர்ந்து நின்றது. "காருக்கு மட்டும் காசு எங்கிட்டிருந்து வருதாம்?" என்றது கடைவீதி. மிச்சம் இருந்தவர்களும் வந்து தங்கள் மூட்டைகளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கடைசியாக வந்தவள் செபஸ்தியம்மாள். அனுமந்தன்பட்டிக்காரி. புருஷன் போன பிறகு மலையில் இருக்கிற ஒரு ஏக்கர் தோட்டத்தைத் தனியாளாகப் பார்க்கிறவள். போன வருஷத்துக் காய் மூன்று மூட்டை இவரிடம் போட்டிருந்தாள்.

"ஊருல என்னமோ சொல்றாக. நா நம்பலண்ணாச்சி. ஆனாலும் தையில எம்மக ஜெசிக்குக் கல்யாணம். அதான் எடுத்துட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

"காருதான்க்கா உக்காந்துச்சு. காத்துப் பை கிழிஞ்சுபோச்சு. நா அதச் சொல்ல, இவுக என்னையச் சொன்னதா எடுத்துக்கிட்டாக."

அவள் அவரைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அத்தனை பேரில் அவரை நம்பியது அவள் ஒருத்திதான்.

"அட கூறுகெட்டவுகளா! இதுக்கா இம்புட்டு ஓட்டம் ஓடுனாக? எங்கூரு ஆளுககிட்ட நா சொல்றேன், எல்லாரும் திரும்பக் கொண்டாந்து போடுவாக. என் மூட்டையும் இங்கனயே கெடக்கட்டும். தைக்கு வாறேன்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், கடை பிழைத்துக்கொள்ளும். பொன்னுராஜுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் இவ்வளவு நாள் கழித்து ஒரு ஆள் தன் முன்னால் நின்று சந்தேகமில்லாமல் சிரித்ததை அவரால் தாங்க முடியவில்லை.

"அக்கா, உங்க மூட்டை உள்ள இல்ல."

"எங்க இருக்கு?"

"போன கிறிஸ்துமஸுக்கு முந்தியே வித்துட்டேன். கியர்பாக்ஸ் போயிருச்சு, அதுக்கு."

"என்னது போயிருச்சு?"

"கார்ல ஒரு பார்ட்டு."

அவள் திரும்பி, வாசலில் நின்ற காரைப் பார்த்தாள். முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"சித்திரையில ஒருநா மழைன்னு, இதுலதான என்னைய ஏத்திக் கொண்டுபோயி பஸ் ஸ்டாண்டுல எறக்கிவிட்டீக?"

"ஆமாக்கா."

"சேலையெல்லாம் சேறு. சீட்டு அழுக்காயிரும்னு நுனியிலயே ஒட்டிக்கிட்டு வந்தேன்." பையைத் தோளில் மாட்டினாள். "என் காயிலதான் நா ஏறிப் போயிருக்கேன். தெரிஞ்சிருந்தா நல்லாச் சாஞ்சு உக்காந்துருப்பேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். காரை ஒட்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. அதன் மேல் பட்டுவிடாமல் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள்.