கால்சட்டைக்கு ஒன்பது கண்டனங்கள்

மனிதனுக்கும் மிருகத்துக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்: மனிதன் தன் இரண்டு கால்களையும் ஒரே துணிக்குள் வைத்திருக்கிறான். சாவ் நாட்டில் இதை மறுப்பவர் எவருமில்லை, அரசரைத் தவிர.

வடக்கே குதிரை மேய்ப்பவர்களிடம் மூன்று முறை தோற்றதும், இனிப் படைவீரரும் அதிகாரிகளும் அவர்களைப் போலவே கால்சட்டை அணிய வேண்டும் என்று அவர் ஆணையிட்டுவிட்டார். அடித்தவனின் உடுப்பை மாட்டிக்கொண்டால் அடி வலிக்காது போலும்! எங்கள் சடங்குப் பள்ளியே கொதித்தது. நான் ஒன்பது கண்டனங்களை மூங்கில் பட்டைகளில் எழுதினேன். மூன்றாவது முக்கியமானது: படையல் நாளில் கால் பிளந்து நிற்கும் பேரனைப் பார்த்து, 'இவன் எந்த வடக்கத்தியான்?' என்று மூதாதையர் சோற்றைத் தொடாமல் போய்விட்டால், அரண்மனையிலிருந்து ஆள் வந்து சமாதானம் சொல்வார்களா?

என் அண்ணன் ஹாவ் தேரில் நின்று வில் எய்பவன். புதுக் கால்சட்டையோடு அவன் வாசலுக்கு வந்தபோது என் பள்ளித் தோழர்கள் நான்கு பேர் அங்கே இருந்தார்கள்.

"என்னண்ணே, அங்கியை ரெண்டா கிழிச்சது யாரு? நாயா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"மலைப்பாதையில தேர் ஏறாதுடா," என்றான் அண்ணன். "போன தடவை நாங்க சக்கரத்தைத் தூக்கிட்டு நின்னோம். அவங்க பாட்டுக்குக் குதிரையில வந்து அம்பு விட்டுட்டுப் போயிட்டாங்க."

"அப்படியே குதிரைப்பாலையும் குடிச்சிரு. அப்பா சமாதிப் பக்கம் மட்டும் வந்துடாத, பயந்துக்குவாரு."

அண்ணன் உள்ளே போய்க் கால்சட்டையைக் கழற்றினான். மறுநாள் அங்கியோடு தேரேறி எல்லைக்குப் போனான். கால்சட்டை பாய்மேல் மடித்துக் கிடந்தது. பத்தாவது கண்டனம் தேவைப்படவில்லை.

நான்காம் நாள் காலை ஒரு வீரன் குதிரையில் வந்தான். இன்னொரு குதிரையையும் கயிற்றில் பிடித்து வந்திருந்தான்.

"ஹாவோட தம்பி நீதானே? தேர் கவுந்துடுச்சு. அங்கி சக்கரத்துல சுத்தி உங்கண்ணன் கால் முறிஞ்சுபோச்சு. ஒரு பாறைக்குப் பின்னால படுக்க வச்சிருக்கோம். பொழுது சாயறதுக்குள்ள தூக்கிட்டு வரணும், அந்தப் பக்கமா வடக்கத்தியானுங்க சுத்துறாங்க. எங்க ஆளுங்க கணவாயை விட்டு நகர முடியாது, என்னை மட்டும்தான் அனுப்பினாங்க; தூக்க இன்னொரு ஆள் வேணும்."

"இதோ வண்டி பூட்டுறேன்."

"வண்டி போற பாதையா இருந்தா தேர் ஏன்யா கவுந்திருக்கும்? குதிரையில ஏறு."

ஏறினேன். காலைப் பிரிக்க அங்கி விடவில்லை; வலப்பக்கம் விழுந்தேன். மறுபடி ஏறி இடப்பக்கம் விழுந்தேன்.

"படிச்சவங்கன்னா ரெண்டு பக்கமும் சமமாத்தான் விழுவீங்களா?" என்றான் அவன்.

அரசர்மீது எனக்கிருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அதே கோபத்தோடு வீட்டுக்குள் போனேன். பாய்மேல் அது மடித்தபடியே இருந்தது. எந்தக் காலை முதலில் விடுவது என்று ஒன்பது கண்டனங்களில் ஒன்றிலும் நான் எழுதியிருக்கவில்லை.

இடது காலை விட்டேன்.