பாதி புரண்ட மீன்

குவாங்சோவில் முத்தாற்றங்கரையை ஒட்டிய ஹோய்சுன் உணவகம், 2003 செப்டம்பர் ஏழாம் தேதி நண்பகல் பன்னிரண்டேகாலுக்கு இரண்டரை முழம் இடப்பக்கம் சாய்ந்தது. நிலம் அதிரவில்லை. பக்கத்துக் கட்டடங்களில் ஒரு கண்ணாடிகூட விரியவில்லை. மூன்றாம் மாடியில் நடந்த கல்யாண விருந்தில் மாப்பிள்ளையின் அப்பா ஷாங் தெபாவ் தட்டிலிருந்த மீனைத் திருப்பப் போனார், அவ்வளவுதான்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வடக்கே ஹார்பினிலிருந்து முந்தின நாள்தான் ரயிலில் வந்து இறங்கியிருந்தார். எங்கள் குவாங்சோவில் இழவு வீட்டில்கூட மீன் உயிரோடு வாங்கியதா என்று விசாரித்துவிட்டுத்தான் அழுவார்கள். படகுக்காரர் வீட்டுப் பந்தியிலோ மீனைப் புரட்டவே மாட்டார்கள். புரட்டினால் படகு கவிழும். மேல்பக்கம் தீர்ந்ததும் முள்ளைத் தூக்கிவிட்டு அடிச்சதையைத் தின்பார்கள். இதெல்லாம் ஷாங்குக்கு யார் சொன்னார்கள்? சம்பந்தியம்மாளுக்கு நல்ல சதையாக எடுத்து வைக்கலாம் என்ற ஆசையில், இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு ஆவியில் வேகவைத்த கொடுவாயைக் குச்சிகளால் நெம்பினார். மீன் பாதி புரண்டு விளிம்பில் நின்றபோது தரை சரிந்தது.

பெண்ணின் அம்மா சௌலின் படகிலேயே பிறந்தவள். அவளுடைய ஒரே மகன் ஆஹொய், தங்கையின் கல்யாணத்துக்காக, புயலடிக்கும் முகத்துவாரத்தைத் தாண்டி அந்த நேரத்தில்தான் திரும்பிக்கொண்டிருந்தான்.

"சம்பந்தி, அசையாதீங்க! கீழயும் விடாதீங்க, அந்தப் பக்கமும் சாய்ச்சிராதீங்க. எம்புள்ள படகு உங்க கையில இருக்கு."

"எவ்வளவு நேரம்மா?"

"அவன் கரை சேர்ற வரைக்கும்."

பிறகு அவள் கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். "எல்லாரும் வலப்பக்கம் போங்க! கிண்ணத்தோடவே போங்க!" நூற்றெண்பது பேரும் போனார்கள். கட்டடம் கொஞ்சம் நிமிர்ந்தது. ஒடுங்கி நின்றபடியே வாத்து வறுவலின் தோல் மொறுமொறுப்பு போதாது என்று குறையும் சொன்னார்கள்.

பரிசாரகர் மாக்குக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. "ஏன் சாமி, உங்க ஊர்ல மீனே கிடையாதா?"

"உறைஞ்சு போனதுதான் கிடைக்கும். அதை எப்பிடித் திருப்பினாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் ஷாங், பல்லைக் கடித்துக்கொண்டு.

இரண்டு மணி நேரம் அப்படியே பிடித்திருந்தார். அவர் கை நடுங்கும்போதெல்லாம் கட்டடம் நடுங்கியது. கூரையிலிருந்து உப்புத்தண்ணீர் தெறித்தது. சௌலின் ஜன்னலைப் பார்க்கவே இல்லை, மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டேகாலுக்கு ஷாங்கின் குச்சி ஒன்று விரிசல் விட்டது. சிவப்பு உடையில் இருந்த கல்யாணப்பெண் யூக்பிங் தன் குச்சிகளை நீட்டி மீனுக்கு முட்டுக்கொடுத்தாள். மாமனாரும் மருமகளும் அன்றுதான் முதல்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

இரண்டே முக்காலுக்கு வலப்பக்கச் சுவரில் ஏதோ மெல்ல இடித்தது, படகு துறையில் அணைவது போல. "இப்ப வைங்க, இருந்த பக்கமே" என்றாள் சௌலின். வைத்தார்கள். தரை சமநிலைக்கு வந்தது, ஏறக்குறைய.

அரை மணி கழித்து ஆஹொய் சொட்டச் சொட்ட நனைந்தபடி படியேறி வந்தான். தலைமுடியில் வெங்காயத்தாள் ஒட்டியிருந்தது. அம்மா அதை எடுத்துப்போட்டுவிட்டு அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், பிறகு அழுதாள். அவன் ஷாங்கின் பக்கத்தில் உட்கார்ந்து, "பசிக்குது மாமா, மீன் மிச்சம் இருக்கா?" என்றான். ஷாங்கால் கையைத் தூக்க முடியவில்லை. மாக் முள்ளை எடுத்துவிட்டு அடிச்சதையை இருவருக்கும் பங்கு வைத்தார்.

ஹோய்சுன் இன்றும் ஒரு சாண் சாய்ந்துதான் நிற்கிறது. அங்கே கோப்பையில் முக்கால் அளவுக்குத்தான் தேநீர் ஊற்றுவார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை.